22 வருட அனுபவம், ஒரு ஃபைல் நிறைய சான்றிதழ்: கற்றுக்கொள்ளும் விதத்தையே மாற்றியவர்கள் உண்டா?

கணபதி_பட்டறை | ஞாயிறு, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம்ங்க. கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையில் சிஎன்சி செட்டராக (கம்ப்யூட்டரில் இயங்கும் வெட்டும் மெஷினை வேலைக்குத் தயார் செய்பவர்) சேர்ந்தேன், இப்போது ஷிஃப்ட் சூப்பர்வைசர். தொழிலுக்கு வந்து 22 வருடம். போன ஆறு மாதத்தில் எனக்கு நடந்ததை நாலு பேரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது. நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருடத்துக்கு ஒரு பயிற்சிக்காவது போய்விடுவேன். கம்பெனி அனுப்பாவிட்டால் கைக்காசு போட்டுப் போவேன். ஃபைவ் எஸ், லீன், கட்டிங் பாராமீட்டர், டூல் தேய்மானம் என்று ஃபைலில் 17 சான்றிதழ் இருக்கிறது. சாப்பிடும்போதுகூட மெஷினிங் வீடியோதான் ஓடும். ஆர்வத்தில் குறை இல்லை. ஆனால் ஒரு வேலையில் மட்டும் பல வருடமாக நின்ற இடத்திலேயே நின்றேன்.

இஎன்8 என்ற வகை இரும்பில் ஒரு புஷ், அதாவது நடுவில் துளையுள்ள குழாய் மாதிரிப் பாகம். உள்துளை 25 ஹெச்7, அதாவது 25.000 மி.மீ.யிலிருந்து 25.021-க்குள் வர வேண்டும். 21 மைக்ரான்தான் இடம் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.). துளை சிறுத்திருந்தால் மறுபடி ஒரு கட் ஓட்டிச் சரி செய்யலாம். பெருத்துவிட்டால் ஸ்க்ராப், தூக்கிப்போட வேண்டியதுதான். மதியச் சாப்பாடு முடிந்து மெஷினைப் போட்டால் முதல் பீஸ் சிறுத்து வரும். "இன்செர்ட் தேய்ஞ்சிருச்சு" (வெட்டும் முனையைத்தான் இன்செர்ட் என்போம்) என்று சொல்லி, டூல் எவ்வளவு வெட்ட வேண்டும் என்று மெஷினில் வைக்கும் ஆஃப்செட்டைக் கூட்டுவேன். நாலைந்து பீஸ் கழித்து துளை பெருத்துவிடும். அப்போது ஆபரேட்டரைத் திட்டுவேன். இதற்காகவே டூல் தேய்மானம் பற்றி மட்டும் மூன்று பயிற்சிக்குப் போனேன்.

போன ஜூனில் டிப்ளமோ முடித்த பையன் ஒருவன் ட்ரெய்னியாக வந்தான். முதல் நாளே கேட்டான்: "சார், அளக்கறதுக்கு முன்னாடி எவ்வளவு வரும்னு நீங்க நினைக்கறீங்க?" கற்றுக்கொள்ளும் ஆசையில் கேட்கிறான் என்று நினைத்து, 25.012 என்றேன். துளையை அளக்கும் போர் கேஜைப் போட்டால் 25.003. இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டான். தினமும் இப்படியே நடந்தது. ஒரு வாரம் கழித்து அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். காலையில் நான் சொன்னதெல்லாம் 3 மைக்ரானுக்குள் சரியாக இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னது ஒரு நாள்கூட விடாமல் தப்பு. எல்லாம் ஒரே பக்கமாகத் தப்பு.

22 வருடமாக அளந்துகொண்டிருக்கிறேன். ஒரு நாளும் அளப்பதற்கு முன்னால் வாய்விட்டு ஓர் எண்ணைச் சொன்னதில்லை. அளந்த பிறகு, "நினைச்சேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

ஒரே பக்கமாகத் தப்பு என்று தெரிந்த பிறகு காரணத்தைத் தேடுவது கஷ்டமாக இல்லை. 40 நிமிடம் நிறுத்தியதில் மெஷின் ஆறிவிடுகிறது. திரும்ப ஓடி ஹெட்ஸ்டாக்கும் (பீஸைச் சுழற்றும் பகுதி) டூலை நகர்த்தும் ஸ்க்ரூவும் சூடேறும் வரை அளவு நகர்ந்துகொண்டே இருக்கும். குளிர்ந்த மெஷினுக்கு நான் கூட்டிய ஆஃப்செட், சூடானதும் அதிகமாகிவிடுகிறது. அதோடு பீஸைச் சூடாகவே அளக்கிறோம். 25 மி.மீ. இரும்பு 20 டிகிரி கூடுதல் சூட்டில் சுமார் 6 மைக்ரான் பெருக்கும். 21-ல் 6 போனால் என்ன மிச்சம்? அளவெடுப்புக்கு உலகம் முழுக்க 20 டிகிரியைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறார்கள் என்று முதல் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். பரீட்சையில் சரியாக எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

இப்போது சாப்பாட்டுக்குப் பிறகு 15 நிமிடம் ஜாப், அதாவது பீஸ், இல்லாமல் ஓட்டுகிறோம். பீஸை கிரானைட் மேல் வைத்து ஆறவிட்டு அளக்கிறோம். ஐந்து பீஸ் பார்க்காமல் ஆஃப்செட்டில் யாரும் கை வைப்பதில்லை. மதிய ஸ்க்ராப் ஏறக்குறைய நின்றுவிட்டது.

என்னை உறுத்துவது இதுதான். தெரியாததைக் கற்கப் போகிறேன் என்று நினைத்து, நான் ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட காரணத்துக்குத்தான் மறுபடி மறுபடி பயிற்சி தேடிப் போயிருக்கிறேன். உங்கள் தொழிலில் இப்படி நடந்திருக்கிறதா? எதை மாற்றினீர்கள்?

---

64_கட்டம் | ஞாயிறு, இரவு 11.05

பட்டறை அண்ணா, அந்த "நினைச்சேன்" என்ற இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். நான் சென்னையில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஒரு கணக்கு. மூன்று குடுவைகள். ஒன்றில் 21 அளவு தண்ணீர் பிடிக்கும், அடுத்ததில் 127, மூன்றாவதில் 3. சரியாக 100 அளவு வேண்டும். 127-ஐ நிரப்பி, அதிலிருந்து 21 ஒரு முறை, 3 இரண்டு முறை ஊற்றி எடுத்தால் 100. இதே வழியில் வரும் கணக்குகளாகச் சில கொடுப்பார்கள். அப்புறம் 23, 49, 3, வேண்டியது 20. பழகிய வழியில் போட்டாலும் விடை வரும். ஆனால் 23-ல் 3 எடுத்தாலே 20. உளவியலாளர் ஆபிரகாம் லூச்சின்ஸ் 1942-ல் வெளியிட்ட சோதனை இது. பழகியவர்களில் பெரும்பாலோர் சுற்று வழியிலேயே போனார்கள். பழகாமல் நேரே இந்தக் கணக்குக்கு வந்தவர்களுக்குக் குறுக்கு வழி சட்டென்று தெரிந்தது. அடுத்து 28, 76, 3, வேண்டியது 25. இங்கே பழைய வழி வேலைக்கே ஆகாது, போட்டால் 42 வரும். 28-ல் 3 எடுத்தால் முடிந்தது. பழகியவர்களில் பலர் இங்கே விடை காணாமல் கைவிட்டார்கள். "குருடாக இருக்காதே" என்று தாளிலேயே எழுதிக்கொள்ளச் சொல்லியும் பார்த்திருக்கிறார் லூச்சின்ஸ். சிலருக்கு உதவியது, எல்லோருக்கும் இல்லை.

செஸ்ஸில் இதைவிட அழுத்தமாக ஒன்று. 2008-ல் பிலாலிச், மெக்லியட், கோபே என்ற ஆய்வாளர்கள் மூவரும் நல்ல ஆட்டக்காரர்களுக்கு ஒரு நிலையைக் கொடுத்தார்கள். ராஜாவைச் சுற்றி அவனுடைய காய்களே அடைத்து நிற்க, குதிரை வந்து மேட் கொடுக்கும் பிரபலமான முறை அதில் ஐந்து நகர்த்தலில் இருக்கிறது. மூன்று நகர்த்தலில் முடிக்கும் வேறு வழியும் இருக்கிறது. ஆடுபவர்கள் முதல் வழியைக் கண்டுபிடித்துவிட்டு, "இதைவிடச் சின்ன வழியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்" என்று சொன்னார்கள். உண்மையாகவே தேடுவதாக நம்பினார்கள். கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தபோது, பார்வை பழைய வழிக்குரிய கட்டங்களையே சுற்றிக்கொண்டிருந்தது.

நீங்கள் டூல் தேய்மானத்துக்கு மூன்று பயிற்சி போனது எனக்கு அப்படித்தான் தெரிகிறது. தேடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கண் அந்தக் கட்டங்களை விட்டு நகரவில்லை.

நான் மாற்றியது ஒன்றுதான். முன்பு "இன்றைக்கு ஃபோர்க்" (ஒரே காய் இரண்டு காய்களைத் தாக்குவது) என்று தலைப்புச் சொல்லி 50 புதிர் கொடுப்பேன். பிள்ளைகள் 45 சரியாகப் போடுவார்கள், எனக்கும் சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை போட்டியில் அதே ஃபோர்க்கைக் கண் முன்னால் விட்டுவிட்டு வருவார்கள். இப்போது எல்லா வகையையும் கலந்து, தலைப்பில்லாமல், சில நிலைகளில் எந்த உத்தியுமே இல்லாமல் கொடுக்கிறேன். முதல் மாதம் மார்க் பாதியாகிவிட்டது. இரண்டு அம்மாக்கள் நேரில் வந்து, "முன்னாடி நல்லா சொல்லிக்கொடுத்தீங்களே" என்று வருத்தப்பட்டார்கள். அந்த ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

---

ஃபிட்டர்_வாத்தியார் | திங்கள், காலை 6.10

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் ட்ரேடுக்கு 31 வருடம் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். பழக்கத்தை உடைக்க வேண்டும் என்று பேச்சு போகிற திசை எனக்குக் கவலையாக இருக்கிறது. ஃபைல், அதாவது ராவுகிற அரம், பிடிக்கத் தெரியாத பையனிடம் "புதுசா யோசி" என்று சொன்னால் விரலைத்தான் வெட்டிக்கொள்வான். முதல் இரண்டு மாதம் தட்டையாக ராவுவதைத் தவிர வேறு எதுவும் கொடுக்க மாட்டேன். கால் எங்கே, முழங்கை எங்கே, தள்ளும்போது அழுத்தம், இழுக்கும்போது தூக்கு. கை தானாகச் செய்யும் வரை அதே வேலை. பழக்கம்தான் தொழில். பட்டறை தம்பிக்குக் காலையில் 3 மைக்ரானுக்குள் சொல்ல முடிந்ததே, அது எங்கிருந்து வந்தது? 22 வருடப் பழக்கம்தானே?

---

பின்னம்_டீச்சர் | திங்கள், மாலை 7.45

வாத்தியார் ஐயா சொல்வதை மதிக்கிறேன். நான் திருச்சி பக்கம் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் கணக்கு எடுக்கிறேன், 19 வருடமாக. என் பழக்கத்தில் நல்லதும் இருந்தது. அதற்குள்ளேயே ஒளிந்து ஒரு கெட்டதும் இருந்தது. அதை நானாகப் பார்த்திருக்கவே முடியாது என்பதால்தான் எழுதுகிறேன்.

பின்னம் கூட்டல். 1/2, 1/3 இரண்டையும் கூட்டச் சொன்னால் வகுப்பில் பாதி 2/5 என்று எழுதும். மேலே கூட்டு, கீழே கூட்டு. ஒவ்வொரு வருடமும் சப்பாத்தி வரைவேன், காகிதம் மடிப்பேன், திரும்ப விளக்குவேன். வட்டார வள மையத்தில் பயிற்சி என்றால் முதல் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுப்பேன். வந்து இன்னும் அழகாக விளக்குவேன். அடுத்த வாரம் மறுபடி 2/5.

இரண்டு வருடம் முன்பு, அதே பள்ளியில் வேலை செய்யும் அக்கா ஒருவரிடம் கேட்டேன். "அக்கா, கடைசி பெஞ்சில் ஒரு பீரியட் உட்காருங்க. பாடம் எப்படி இருந்ததுன்னு சொல்ல வேண்டாம். நான் கேள்வி கேட்ட பிறகு அடுத்த வார்த்தை பேசும் வரை எத்தனை நொடி போகுதுன்னு மட்டும் போனில் பார்த்து எழுதுங்க." பின்னால் யாராவது உட்கார்ந்தால் அது ஆய்வு என்றுதான் எங்களுக்குப் பழக்கம். அதிகாரி வந்திருக்கிறார், குறை எழுதப்போகிறார் என்று உடம்பு விறைத்துவிடும். அதனால் ஒரு தோழியைக் கூப்பிடவே எனக்கு 17 வருடம் ஆகியிருக்கிறது.

அக்கா எழுதியதில் பெரும்பாலும் ஒரு நொடி. பல இடத்தில் அதுகூட இல்லை. கேள்வியும் நானே, பதிலும் நானே. பிறகுதான் தெரிந்தது, அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் 1970-களிலேயே இதை அளந்திருக்கிறார். அங்கேயும் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடிதான். மூன்று நொடிக்கு மேல் காத்திருந்தபோது பிள்ளைகளின் பதில் நீண்டது, பதிலே வராமல் போவது குறைந்தது.

மூன்று நொடி சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நின்று பார்த்தால்தான் தெரியும். பலகையில் 2/5 என்று எழுதிவிட்டு, "இது சரியா?" என்று கேட்டு, சாக்பீஸைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மூன்றாவது வரிசையில் ஒரு பெண். அந்த வருடம் வாயே திறந்ததில்லை. "டீச்சர், அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தோம். அஞ்சுல ரெண்டு அரையைவிடக் கம்மியால்ல இருக்கு?" என்றாள். எத்தனையோ சப்பாத்தி வரைந்தேன். இந்த ஒரு கேள்வியை நான் கேட்டதே இல்லை.

---

ஓஎம்ஆர்_பயணி | திங்கள், இரவு 10.50

எல்லோருடைய பதிவையும் படித்தேன். மனசு கனமாக இருக்கிறது, ஏனென்றால் எனக்கு இது இப்போதே நடந்துகொண்டிருக்கிறது. சாஃப்ட்வேர் மேனுவல் டெஸ்டிங்கில் ஆறு வருடம். டேட்டா பக்கம் போக வேண்டும் என்று போன வருடம் 14 ஆன்லைன் கோர்ஸ் முடித்தேன். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம், வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம். வீடியோவில் அவர் அடிக்கும்போது நானும் கூடவே அடிப்பேன், எல்லாம் புரியும். போன மாதம் இன்டர்வியூவில் இரண்டு டேபிளைச் சேர்த்து ஒரு சாதாரணக் கேள்விக்கு எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிலிருந்து விவரம் எடுக்கும் மொழி) எழுதச் சொன்னார்கள். வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கை ஓடவில்லை. அடுத்த கோர்ஸைத் தேடத்தான் இங்கே வந்தேன். என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

---

64_கட்டம் | திங்கள், இரவு 11.30

பதினைந்தாவது கோர்ஸ் வேண்டாம்ங்க. ஏற்கெனவே பார்த்ததில் ஒன்றை எடுங்கள். ஒரு பகுதியைப் பாருங்கள், மூடுங்கள், காலித் திரையில் அதையே எழுதுங்கள். வராது. வராத இடத்தில் ஐந்து நிமிடமாவது முட்டிவிட்டு, அப்புறம்தான் திறந்து பார்க்க வேண்டும்.

"எல்லாம் புரியும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது பொய்யில்லை. ஆனால் அந்த உணர்வை நம்ப முடியாது. ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2006-ல் வெளியிட்டது: கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவுக்கு ஒரு பகுதியைத் திரும்பப் படிக்கக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவை ஒரு முறை படித்த பிறகு நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் 81 சதவீதம், எழுதியவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் 42, எழுதியவர்கள் 56. ஐந்து நிமிடக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்குத் திரும்பப் படிப்பதுதான் சிறந்த வழி என்று தோன்றும். நாம் எல்லோரும் ஐந்தாவது நிமிடத்திலேயே புத்தகத்தை மூடிவிட்டுத் திருப்தியோடு எழுந்து போகிறவர்கள்.

---

நைட்_ட்யூட்டி | செவ்வாய், அதிகாலை 3.15

வார்டு இப்போது அமைதியாக இருக்கிறது, சீக்கிரம் எழுதிவிடுகிறேன். ஸ்டாஃப் நர்ஸ், மதுரை. எங்களுக்கு சிபிஆர் (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் உதவி) பயிற்சி அட்டை இரண்டு வருடம் செல்லும். அட்டை இருக்கிறது, அதனால் தெரியும் என்று இருந்தேன். ஒரு நாள் புது பொம்மை வந்தது, அழுத்தும் ஆழத்தைத் திரையில் காட்டுவது. மார்பு 5-லிருந்து 6 செ.மீ. அழுந்த வேண்டும், நிமிடத்துக்கு 100-லிருந்து 120 தடவை. பயிற்சி எடுத்து 14 மாதம் ஆகியிருந்த எனக்கு 4 செ.மீ.கூட வரவில்லை. வேகம் 140-ஐத் தாண்டிவிட்டது. நான் நன்றாகச் செய்கிறேன் என்றே அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தத் திறமை சில மாதங்களிலேயே குறையத் தொடங்கிவிடும் என்று பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அட்டையில் இருக்கும் தேதிக்கும் கையில் இருக்கும் திறமைக்கும் சம்பந்தமில்லை.

இப்போது மாதம் ஒரு முறை, ட்யூட்டி மாற்றும் நேரத்தில், ஆளுக்கு இரண்டு நிமிடம் அந்தப் பொம்மையில் செய்கிறோம். இரண்டே நிமிடம்தான்.

வாத்தியார் ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். 2005-ல் டாக்டர்களைப் பற்றிய 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்ட ஆய்வுகளில், சர்வீஸ் கூடக் கூட அறிவோ சிகிச்சைத் தரமோ குறைந்திருந்தது. அனுபவம் தானாக ஆளை மேலே கொண்டுபோகும் என்றால் அப்படி வரக் கூடாதல்லவா? பெல் அடிக்கிறது, போகிறேன்.

---

ஹோசூர்_குவாலிட்டி | செவ்வாய், மதியம் 1.10

ஒரு விஷயத்தை யாரும் பேசவில்லை. சான்றிதழ் இல்லாமல் இன்க்ரிமென்ட் ஃபார்மில் எதை எழுதுவது? எச்.ஆர். கேட்பது அந்தக் காகிதத்தைத்தான். 12 மணி நேர ஷிஃப்ட் முடித்து வருபவனிடம் முட்டி மோதிக் கற்றுக்கொள் என்று சொல்வது சுலபம். அவனுக்கு உறுதியாகக் கிடைக்கக்கூடியது அந்த ஒரு காகிதம்தான். அதை எடுப்பவர்களைக் குறைவாகப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பட்டறைக்காரர் ஆஃப்செட்டைக் கூட்டிக் குறைத்த கதை, தரக் கட்டுப்பாட்டு நிபுணர் டெமிங் தன் வகுப்புகளில் செய்து காட்டிய புனல் சோதனையேதான். புனல் வழியாக ஒரு கோலிக்குண்டை மேசையில் இருக்கும் புள்ளியை நோக்கிப் போடுவார்கள். குண்டு கொஞ்சம் விலகி விழும். ஒவ்வொரு தடவையும் விலகிய அளவுக்குப் புனலை எதிர்ப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனால், நகர்த்தாமல் விட்டதைவிடச் சிதறல் அதிகமாகும். எங்கள் லைனில் இதைப் புரியவைக்க எனக்கு நான்கு வருடம் ஆனது. போஸ்டர் ஒட்டினேன், வகுப்பெடுத்தேன், ஒன்றும் ஏறவில்லை. ஒரு நாள் கோலியும் பிளாஸ்டிக் புனலும் வாங்கிவந்து கேன்டீன் மேசையில் அவர்களையே போடச் சொன்னேன். அன்றோடு நின்றது.

---

யாழ்_கணக்காய்வு | செவ்வாய், இரவு 8.30

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் கணக்காய்வு வேலை செய்கிறேன். எங்கள் ஊரில் உயர்தரப் பரீட்சை என்றால் பாஸ் பேப்பர், அதாவது பழைய வினாத்தாள்தான். பத்து வருட வினாத்தாளைக் கரைத்துக் குடித்துத்தான் நான் பாஸ் பண்ணினேன், அதைக் குறை சொல்ல மாட்டேன். 64_கட்டம் சொல்வதுபோல அது நினைவிலிருந்து எழுதும் பயிற்சி. ஆனால் கேள்வியைப் பார்த்தவுடனே "இது 2011 வகை" என்று அடையாளம் பிடிக்கும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது.

வேலையிலும் அதே பழக்கம் தொடர்ந்தது. ஒரு நிறுவனத்துக்குப் போனால் முதலில் போன வருடக் கோப்பைத் திறப்போம். போன வருடம் கேட்ட கேள்விகளையே கேட்போம், போன வருடம் பார்த்த வவுச்சர் வகைகளையே பார்ப்போம். இப்போது நான் கோப்பைத் திறக்க முன்னம் அரை மணித்தியாலம் எடுத்து, இந்த வியாபாரத்தில் காசு எங்கே தவறிப்போகக்கூடும் என்று ஒரு தாளில் எழுதுகிறேன். கோல்ட் ஸ்டோரேஜ் ஒன்றுக்குப் போனபோது "பழுதாகி எறிந்த மீன்" என்று எழுதினேன். கோப்பில் அந்தச் சொல்லே இல்லை, ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டபோது, எறிந்ததை நிறுத்துப் பதிவதே இல்லை என்று தெரிந்தது. பட்டறை அண்ணா அளக்க முன்னம் சொல்வதும் இதுவும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

---

ஃபிட்டர்_வாத்தியார் | புதன், காலை 6.25

நர்ஸம்மாவிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் தட்டையைப் பார்க்க, துல்லியமாகத் தட்டையாக இருக்கும் சர்ஃபேஸ் ப்ளேட்டில் நீலம் தடவி, ஜாபை அதன் மேல் தேய்ப்போம். மேடாக இருக்கிற இடத்தில் மட்டும் நீலம் ஒட்டும். பையன் அதைப் பார்த்து அந்த இடத்தை ராவுவான். மறுபடி தேய்ப்பான், மறுபடி ராவுவான். 31 வருடம் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். நல்ல முறைதான். தப்பை ஜாபே காட்டிக்கொடுக்கும், வாத்தியார் திட்ட வேண்டியதில்லை.

ஆனால் நீலத்தில் வைப்பதற்கு முன்னால் "மேடு எங்கே இருக்கும், விரல் வைத்துக் காட்டு" என்று ஒரு பையனைக்கூட நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் விரலும் கண்ணும் கற்றுக்கொண்டிருக்கும். நீலம் இல்லாத இடத்தில் என்ன செய்வான் அவன்? பக்கத்து வீட்டுப் பையன் இந்த வருடம் ஃபிட்டர் சேர்ந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை, ஜாபைப் பிடிக்கிற வைஸைத் தூசி தட்டி வைத்துவிட்டு அவனைக் கூப்பிடப் போகிறேன். முதல் இரண்டு மாதம் ராவத்தான் வேண்டும் என்பதில் மட்டும் மாற்றமில்லை.

---

கணபதி_பட்டறை | புதன், இரவு 10.15

ஐயா, உங்கள் பதிவைப் பையனிடம் படித்துக் காட்டினேன். ஓசூர் நண்பர் சொன்னதும் நியாயம்தான். அந்த 17 காகிதத்தில் நாலு எனக்குச் சம்பளம் வாங்கித் தந்தது, தூக்கிப்போட மாட்டேன்.

இப்போது ஒரு சிக்கலில் நிற்கிறேன். மற்ற ஆபரேட்டர்களையும் அளப்பதற்கு முன் ஓர் எண்ணை எழுதச் சொன்னேன். முதல் நாள் எழுதினார்கள். இரண்டாம் நாள் பார்த்தால் எல்லோருடைய ஊகமும் ஒரு மைக்ரான்கூட மாறாமல் சரியாக இருக்கிறது. அளந்துவிட்டு எழுதுகிறார்கள். கோபம் வந்தது, பிறகு யோசித்தேன். சூப்பர்வைசர் கொடுத்த நோட்டு. நாளைக்கு இதைக் காட்டி "உனக்கு 8 மைக்ரான் தப்பு" என்று சொல்லிவிடுவானோ என்ற பயம் இருக்காதா? இத்தனை வருடம் மதிய ஸ்க்ராப்புக்கு அவர்களைத் திட்டியவன் நான்தானே. டீச்சர், உங்கள் பள்ளியில் அக்காவைப் பின்னால் உட்காரவைத்த பிறகு மற்றவர்கள் எப்படி ஒத்துக்கொண்டார்கள்?

---

பின்னம்_டீச்சர் | வியாழன், மாலை 6.50

சார், உடனே யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பருவம் முழுக்க நான் மட்டும்தான் ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அக்கா எழுதிய நொடிக் கணக்கை ஆசிரியர் அறையில் மேசை மேலேயே விட்டுவைத்தேன், 1, 1, 0, 2 என்று. யாரிடமும் "நீங்களும் செய்யுங்க" என்று சொல்லவில்லை. அடுத்த பருவத்தில் அறிவியல் டீச்சர் தானாக வந்து, "எனக்கும் ஒரு நாள் உட்காருங்களேன்" என்றார். எழுதிய தாளை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன், நகல்கூட எடுக்கவில்லை. அது தலைமையாசிரியர் கைக்குப் போகாது என்று தெரிந்த பிறகுதான் மூன்றாவது ஆள் வந்தார்.

அந்த நோட்டை வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் ஊகம் எல்லோர் கண்ணிலும் படட்டும்.

---

ஓஎம்ஆர்_பயணி | ஞாயிறு, காலை 11.00

ஆறாவது நாள். தினமும் 40 நிமிடம், வீடியோவை மூடிவிட்டு எழுதுகிறேன். மூன்று நாள் அழுகையே வந்தது. ஆறு வருட வேலைக்குப் பிறகு இதுகூட வரவில்லையே என்று. நேற்று இரண்டு டேபிள் சேர்ப்பது பார்க்காமல் வந்துவிட்டது. ஆனால் வரிகள் இரட்டிப்பாக வந்தன. கணக்காய்வு அக்கா சொன்ன மாதிரி, ரன் கொடுப்பதற்கு முன் எத்தனை வரி வரும் என்று எழுதிவைத்திருந்தேன், 120 என்று. வந்தது 240. எழுதிவைக்காமல் இருந்திருந்தால் கவனித்தே இருக்க மாட்டேன். ஏன் இரட்டிப்பானது என்று இன்னும் தெரியவில்லை. இன்றைக்கு அதைத்தான் பார்க்கப் போகிறேன், தயவுசெய்து யாரும் விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

---

கணபதி_பட்டறை | ஞாயிறு, இரவு 9.40

டீச்சர் சொன்னபடி நோட்டைத் திரும்ப வாங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை மெஷின் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகையை மாட்டி, என் பெயரை மட்டும் எழுதினேன். சாப்பாட்டுக்குப் பிறகு முதல் பீஸுக்கு 25.009 என்று போட்டேன். 15 வருடமாக அந்த மெஷினை ஓட்டும் அண்ணன் ஒருவர் கூலன்ட் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே பார்த்தார். "ஒம்போது வராதுங்க, பதினாலு" என்றார். மார்க்கரைக் கொடுத்தேன். வாங்கி எழுதினார். பீஸ் ஆற 20 நிமிடம் காத்திருந்தோம். போர் கேஜைப் போட்டால் 25.013.

எப்படிங்க சொன்னீங்க என்று கேட்டேன். "ஓட்டும்போது சத்தம் இன்னிக்குக் கொஞ்சம் கனமா இருந்துச்சு, அப்படின்னா நாலஞ்சு கூட வரும்" என்றார். அந்தச் சத்தத்தைப் பற்றி அவரிடம் நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சனிக்கிழமை பலகையில் மூன்று பெயர் இருந்தது. நாளைக்கு முதல் ஷிஃப்டில் அவர் பக்கத்தில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்கப் போகிறேன்.